பெர்சிக்கு வயது 12

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், "நீங்கள் படித்த இளையோர் நாவல் படமானபோது எதைத் தொலைத்தது?" என்று ஒரு வரி கேட்டிருந்தேன். ஒரு வரிக்கு ஒரு மூட்டைக் கடிதம் வந்திருக்கிறது. பாதி கோபம், மீதி புலம்பல். ஒரே ஒருவர் மட்டும், "எனக்குப் படம்தான் பிடித்தது, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். சொல்லமாட்டேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: பிழைப்புக்கு நான் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறவள். ஒரே படத்தை நிறுத்தி நிறுத்தி ஐந்தாறு முறை பார்க்கிற வேலை. அந்தப் பழக்கத்தில், நாவலிலிருந்து எடுத்த படம் என்றால் நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் புத்தகம், அந்தப் பக்கம் படம் என்று குறித்துக்கொள்வேன். அந்த நோட்டை வைத்துத்தான் இந்தப் பதில்கள். கதை முடிவுகள் எல்லாம் வெளிப்படையாகப் பேசப்படும். பிடிக்காதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

*

கேள்வி: 'தி ஹங்கர் கேம்ஸ்' முதல் படத்தின் திரைக்கதையில் நாவலாசிரியர் சூசன் காலின்ஸின் பெயரும் இருக்கிறது. அப்படியும் மேட்ஜைக் காணவில்லை. பீட்டாவின் கால் அப்படியே இருக்கிறது. இதைப் போய் நாவலை மதித்த படம் என்கிறார்களே?
– பதினோராம் வகுப்பு மாணவி

பதில்: உங்கள் கடிதத்தில் மொத்தம் 17 குறைகள் எண் போட்டு எழுதியிருந்தீர்கள். எல்லாமே சரி. ஆனால் எல்லாம் ஒரே எடை கிடையாது. அதைப் பிரித்துப் பார்ப்போம். படிக்காதவர்களுக்கு ஒரு வரி: மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒருவர் மிஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்ல வைத்து, அதைத் தொலைக்காட்சியில் காட்டுகிற ஒரு நாட்டின் கதை இது. ஒரே மாவட்டத்திலிருந்து அப்படிப் போகிறவர்கள் கதாநாயகி கேட்னிஸும் பீட்டா என்ற பையனும்.

முதலில் கடிகாரம். 2008இல் வந்த அந்த நாவலை ஒருவர் வாய்விட்டுப் படித்தால் முடிக்க 10, 11 மணி நேரம் ஆகும். 2012இல் வந்த படம் 142 நிமிடம். நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே யாரோ வெளியே போகத்தான் வேண்டும். மேட்ஜ் போனாள்.

போனதால் என்ன ஆனது? நாவலில் மேயரின் மகள் மேட்ஜ், கேட்னிஸை வழியனுப்ப வந்து, மாக்கிங்ஜே என்ற பறவை உருவம் கொண்ட தன் தங்க உடை ஊசியை அவள் உடையில் குத்திவிடுகிறாள். வசதியான வீட்டுப் பெண் ஏழைப் பெண்ணுக்குக் கொடுப்பது. படத்தில் அதே ஊசி கள்ளச் சந்தையில் ஒரு கிழவியிடமிருந்து கேட்னிஸுக்கு வருகிறது. அவள் அதைத் தங்கை ப்ரிம்முக்குக் கொடுக்கிறாள், உனக்கு ஒன்றும் ஆகாது என்று. அப்புறம் பெயர் எடுக்கும்போது ப்ரிம்மின் பெயரே வருகிறது, அக்கா அவளுக்குப் பதிலாகப் போகிறாள், தங்கை அந்த ஊசியைத் திருப்பிக் கொடுத்தனுப்புகிறாள். என் நோட்டில் இதற்குப் பக்கத்தில் 'லாபம்' என்று எழுதியிருக்கிறேன். கதை புறப்படுவதே அக்கா தங்கை பாசத்தில்தான். அந்த இடத்தில் ஊசியைக் குத்தியது கெட்டிக்காரத்தனம். நஷ்டமும் உண்டு. அந்த ஊசி ஒரு காலத்தில் யாருடையதாக இருந்தது என்று இரண்டாம் நாவலில் ஒரு செய்தி வருகிறது பாருங்கள், மேட்ஜ் இல்லாத படத்தில் அதற்கு வாசலே இல்லை.

இப்போது பெரிய விஷயம். இந்த நாவல் முழுக்க 'நான்' என்று பேசுகிறது, அதுவும் நிகழ்காலத்தில். கேட்னிஸுக்குத் தெரியாத எதுவும் நமக்குத் தெரியாது. அரங்கத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அவளும் ஊகிக்கிறாள், நாமும் ஊகிக்கிறோம். படம் இந்தச் சுவரை இடித்துவிட்டது. விளையாட்டை நடத்துகிறவர்களின் கட்டுப்பாட்டு அறையைக் காட்டுகிறது, தோட்டத்தில் ரோஜாவோடு நிற்கிற அதிபரைக் காட்டுகிறது. கேட்னிஸோடு கூட்டுச் சேர்ந்த சிறுமி ரூ செத்த பிறகு அவளுடைய 11ஆம் மாவட்டத்தில் கலவரம் வெடிப்பதைக் காட்டுகிறது. நாவலில் அந்த இடத்தில் கலவரம் இல்லை. ஒரு சின்ன பாராசூட்டில் ஒரு ரொட்டி வந்து இறங்குகிறது. அவ்வளவுதான். அதன் வடிவத்தைப் பார்த்து, இது ரூவின் ஊர் ரொட்டி, அந்தப் பட்டினி ஜனங்கள் தங்கள் காசைப் போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று கேட்னிஸ் புரிந்துகொள்கிறாள். நான் ரொட்டி கட்சி. கலவரம் எல்லாப் படத்திலும் வரும்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மரபணு மாற்றிய அந்தக் குளவிகள் எவ்வளவு கொடியவை என்பதை நாவலில் கேட்னிஸ் தன் மனசுக்குள்ளேயே விளக்கிவிடுகிறாள். படத்தில் அவள் மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு தனக்குத் தானே பேசினால் சிரிப்பாகிவிடும். என்ன செய்தார்கள் தெரியுமா? தொலைக்காட்சித் தொகுப்பாளர் சீசர் நேயர்களுக்கு விளக்குகிறார்! இந்த விளையாட்டே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிதானே. நாவலின் உலகத்துக்குள்ளேயே இருந்த ஒரு ஆளைக் கூப்பிட்டு, காணாமல் போன 'நான்' பார்த்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள். இதைப் பார்த்த இரவு எனக்குத் தொழில்முறைப் பொறாமையில் தூக்கம் வரவில்லை.

சரி, பீட்டாவின் கால். நாவலில் மிருகம் கடித்த காலில் ரத்தம் நிற்க கேட்னிஸ் இறுக்கிக் கட்டுகிறாள். உயிர் பிழைக்கிறது, கால் போகிறது. செயற்கைக் கால் வைக்கிறார்கள். அவள் கட்டிய கட்டே அவன் காலை வாங்கியது என்கிற உறுத்தல் அவளுக்கு. படத்தில் காயம் மட்டும்தான். இதை நஷ்டப் பக்கத்தில்தான் எழுதினேன், ஆனால் காரணம் புரிகிறது. நாவலைப் படித்த பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் டிக்கெட் வாங்கி உள்ளே போகக்கூடிய தணிக்கைச் சான்றிதழ் படத்துக்கு வேண்டும். பிரிட்டனில் அந்தச் சான்றிதழுக்காக 7 விநாடியை வெட்டினார்கள். புத்தகத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்வதைப் பற்றி எழுதலாம், பிள்ளைகளே படிக்கலாம், வாசலில் யாரும் வயது கேட்கமாட்டார்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாத 18ஆவது குறையை நான் சேர்க்கிறேன். என் கணக்கில் இதுதான் முதல் குறை. குகையில் கேட்னிஸ் பீட்டாவுக்குக் கொடுக்கிற முத்தங்களில் எது நடிப்பு, எது நிஜம்? நாவலில் அவள் தலைக்குள்ளேயே நாம் உட்கார்ந்திருக்கிறோம். முத்தம் கொடுத்தால் பார்க்கிறவர்கள் காசில் சூப் வரும் என்று அவள் போடும் கணக்கு நமக்குக் கேட்கிறது. தான் எங்கே கணக்குத் தப்புகிறோம் என்று அவளுக்கே தெரியாத இடமும் கேட்கிறது. கடைசியில் அதெல்லாம் விளையாட்டுக்காகத்தானா என்று பீட்டாவுக்குத் தெரியவருவதுதான் அந்த நாவலின் முடிவு. அவன் உடைந்துபோகிறான். படம் இந்த இடத்தைப் பூப்போலத் தடவிவிட்டுப் போகிறது. மறந்துவிடலாம் என்கிறாள், எனக்கு மறக்க வேண்டாம் என்கிறான், அவ்வளவுதான். மேட்ஜையும் காலையும் நான் மன்னித்துவிட்டேன். இதை மன்னிக்கவில்லை.

*

கேள்வி: நீங்கள் பார்த்ததிலேயே நாவலை அதிகம் பின்பற்றிய படத்துக்கு எத்தனை சதவீதம் போடுவீர்கள்?
– வங்கி ஊழியர்

பதில்: வட்டி விகிதம் கேட்பது போலவே கேட்கிறீர்கள். மார்க் போடுவதில்லை. 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' (நாவல் 2012, படம் 2014) என் நோட்டில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக வந்த படம். வசனங்கள்கூட வரிக்கு வரி வருகின்றன. முக்கியமாக வெளியே போனது, கதாநாயகன் அகஸ்டஸின் இறந்துபோன பழைய காதலி. அவள் போனதும் அகஸ்டஸ் கொஞ்சம் அதிக நல்லவனாகிவிட்டான். நாவலில் அவனிடம் இருந்த ஒரு நிழல் படத்தில் விழவில்லை.

*

கேள்வி: 'பெர்சி ஜாக்சன்' படத்தை என் மகன் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்குப் படம் ஓரளவு நன்றாகத்தான் இருந்தது. அவனுக்கு ஏன் அவ்வளவு கோபம்?
– ஒரு தந்தை

பதில்: எங்கள் வீட்டிலும் இதே கதைதான். என் அண்ணன் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஐந்து நாவல்களையும் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். படம் தொடங்கி, பெர்சியின் முகம் பக்கத்தில் வந்ததும் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "அத்தை, இவன் ஷேவ் பண்ணியிருக்கான்."

அதோடு படம் முடிந்துவிட்டது அவளைப் பொறுத்தவரை. மீதி இரண்டு மணி நேரமும் என் திருப்திக்காக உட்கார்ந்திருந்தாள்.

2005இல் வந்த முதல் நாவலில், கிரேக்கக் கடவுள் ஒருவரின் மகனான பெர்சிக்கு வயது 12. இது சும்மா ஒரு தகவல் கிடையாது, கதையின் முதுகெலும்பே அதுதான். மூத்த கடவுளர் மூவரில் ஒருவரின் பிள்ளை 16 வயதை எட்டும்போது உலகத்தின் விதியைத் தீர்மானிக்கும் என்று ஒரு தீர்க்கதரிசனம் இருக்கிறது. ஒரு நாவலுக்கு ஒரு வயசு போல ஏறி, ஐந்தாம் நாவலில் அந்தப் பிறந்தநாளில் போய் நிற்கிறது கதை. 2010 படத்தில் பையனை முதலிலேயே பதினாறு பதினேழு வயசு ஆளாக்கிவிட்டார்கள். முடிச்சு போடுவதற்கு முன்பே கயிறு தீர்ந்துவிட்டது. இரண்டாம் படம் 2013இல் வந்தது, மூன்றாவது வரவே இல்லை.

நாவலாசிரியர் ரிக் ரியோர்டன் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்பதுதான் வேடிக்கை. 2009இல் திரைக்கதையைப் படித்துவிட்டுத் தயாரிப்புத் தரப்புக்கு எழுதிய கடிதங்களை 2018இல் தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டார். பிள்ளைகளின் வயதை ஏற்றினால் தொடர்ச்சியாகப் படம் எடுக்கவே வழி இருக்காது, படிக்கிற பிள்ளைகளும் கைவிட்டுவிடுவார்கள் என்று அதில் மன்றாடியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. படத்தின் இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ். 'ஹாரி பாட்டர்' முதல் இரண்டு படங்களை எடுத்தவர்தான். அந்தப் படங்களைப் பற்றி வந்த குறையே புத்தகத்தை ரொம்ப அப்படியே எடுத்துவிட்டார் என்பதுதான்! அங்கே பதினொரு வயசுப் பையனுக்குப் பதினொரு வயசுப் பையனையே நிறுத்திய மனிதர், இங்கே வேறு வழியில் போனார்.

உங்கள் மகனிடம் 2023 டிசம்பரில் தொடங்கிய தொடரைக் காட்டினீர்களா? அதில் ரியோர்டனும் கூடவே இருந்து வேலை பார்த்தார். பெர்சியாக நடித்தவன் நிஜமாகவே சின்னப் பையன். அதிலும் மாற்றங்கள் நிறைய உண்டு, சில இடங்களில் படத்தைவிட அதிகமாகக்கூட. என் அண்ணன் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு பார்த்தாள். நான் ஏன் என்று கேட்டதற்கு, "சின்னப் பையன் அத்தை, பயப்படுறான் பாருங்க" என்றாள். பன்னிரண்டு வயசுப் பையன் அரக்கனுக்கு முன்னால் நின்றால் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. பதினேழு வயசு வாட்டசாட்டமான ஆள் நின்றால் சண்டைக்காட்சி.

*

கேள்வி: 'ட்வைலைட்' கடைசிப் படத்தில் அந்தப் பெரிய சண்டை புத்தகத்தில் இல்லவே இல்லையே! கார்லைலின் தலை போனதும் தியேட்டரில் நான் அழுதுவிட்டேன். இது ஏமாற்று வேலை இல்லையா?
– வாசகி

பதில்: சந்தேகமே இல்லாமல் ஏமாற்று வேலை. நானும் ஏமாந்தேன். நாவலில் இரண்டு ரத்தக்காட்டேரிக் கூட்டமும் பனியில் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள், பேசுகிறார்கள், கலைந்து போகிறார்கள். அதை அப்படியே எடுத்தால் பார்க்கிறவன் காசைத் திருப்பிக் கேட்பான். 2012 படத்தில் தலைகள் உருண்டு, பூமி பிளந்து, எல்லாம் முடிந்த பிறகு, அது வருங்காலத்தைப் பார்க்கத் தெரிந்த ஆலிஸ் காட்டிய காட்சி என்கிறார்கள். கதை நாவலில் நின்ற அதே இடத்தில் நிற்கிறது. படிக்காதவர்களைவிடப் படித்தவர்கள்தான் அதிகம் பதறினார்கள். 'இது நடக்காதே!' என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் வைத்த பொறி அது.

*

கேள்வி: 'தி கிவர்' நாவல் எங்கள் வாசகர் வட்டத்தில் எல்லோருக்கும் பிடித்தது. படம் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கதை பெரிதாக மாறவில்லை. என்ன தப்பு நடந்தது?
– ஓய்வு பெற்ற நூலகர்

பதில்: நல்ல கேள்வி, ஐயா. இதற்குத்தான் நான் நோட்டில் ஆறு பக்கம் செலவழித்தேன்.

லூயிஸ் லௌரி 1993இல் எழுதிய நாவல். மறு ஆண்டு, அமெரிக்கச் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் வாங்கியது. அதில் ஒரு மாயவித்தை இருக்கிறது, உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாம் ஒழுங்குக்கு உட்பட்ட ஒரு ஊரில் வாழும் சிறுவன் ஜோனஸ், நண்பனோடு ஆப்பிளைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுகிறான். காற்றில் போகும்போது அந்த ஆப்பிள் ஏதோ 'மாறுகிறது'. என்ன மாற்றம் என்று அவனால் சொல்ல முடியவில்லை. நமக்கும் தெரியவில்லை. பின்னால் தோழி ஃபியோனாவின் தலைமுடியும் ஒரு கணம் அப்படி மாறுகிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில்தான், நீ பார்த்தது சிவப்பு நிறம் என்று, அவனுக்குப் பழைய உலகத்தின் நினைவுகளைக் கொடுக்கிற கிழவர் சொல்கிறார். அப்போதுதான் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. இத்தனை பக்கம் படித்தோமே, இந்த ஊரில் நிறமே இல்லையா? ஆசிரியர் பொய் சொல்லவில்லை. ஜோனஸுக்கு நிறம் என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் இல்லை என்பதும் தெரியாது. அவன் கண் வழியாகப் பார்த்த நமக்கும் தெரியவில்லை.

இப்போது இதைப் படமாக எடுங்கள் பார்ப்போம். முதல் ஃபிரேமை வைக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும், வண்ணமா, கறுப்பு வெள்ளையா என்று. காகிதத்தில் ஆப்பிள் என்று எழுதினால் அதற்கு நிறம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கேமரா நிறம் சொல்லாமல் ஆப்பிளைக் காட்ட முடியாது. முதல் முன்னோட்டம் வண்ணத்தில் வந்தபோது வாசகர்கள் கொதித்தார்கள். 2014இல் வந்த படம் கறுப்பு வெள்ளையில் தொடங்கி, ஜோனஸ் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள மெல்ல நிறம் ஊறுகிறது. வேறு என்ன செய்ய முடியும்? சரியாகத்தான் செய்தார்கள். ஆனாலும் நாம் முதல் நிமிடத்திலேயே விஷயத்தைத் தெரிந்துகொண்டோம், ஜோனஸ் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறான். இந்த நஷ்டத்துக்கு நான் யாரையும் குற்றம் சொல்லமாட்டேன்.

குற்றம் சொல்லக்கூடியது வேறு இடத்தில், மறுபடியும் வயது. நாவலின் ஜோனஸுக்குப் பன்னிரண்டு. படத்தில் வளர்ந்த இளைஞன். இந்த ஒரு செங்கல்லை உருவியதும் என்னென்ன சரிகிறது பாருங்கள். நாவலில் அவனுக்கு ஃபியோனாவைப் பற்றி ஒரு கனவு வருகிறது, உடனே அம்மா மாத்திரை கொடுக்கத் தொடங்குகிறாள். வளர்கிற உடம்பின் முதல் சலனத்தை அந்தச் சமுதாயம் மாத்திரை போட்டு அடக்குகிற இடம் அது. படத்தில் அந்த வயதை அவன் எப்போதோ தாண்டிவிட்டான். அதனால்தானோ என்னவோ, மாத்திரை போய் எல்லோருக்கும் தினமும் காலையில் ஊசி வந்துவிட்டது. ஊசி வந்ததால் ஊசியை ஏமாற்றும் காட்சி வந்தது. அதற்கு அதே ஆப்பிளைப் பயன்படுத்தியதை மட்டும் ரசித்தேன். ஆள் வளர்ந்ததால் முத்தம் வந்தது, முத்தம் வந்ததால் காதல் வந்தது, காதல் வந்தால் துரத்தல் வராமல் இருக்குமா? மெரில் ஸ்ட்ரீப் கிடைத்தபோது அவருக்குச் சும்மா உட்காருகிற வேடம் கொடுக்க முடியாது என்று அந்தச் சமுதாயத்தின் தலைவியான தலைமை மூத்தோர் பாத்திரமும் வில்லியாக வீங்கிவிட்டது.

நாவலில் வில்லன் கிடையாது, ஐயா. எல்லோரும் அன்பானவர்கள், கெட்டிக்காரர்கள். அப்பா ஒரு கைக்குழந்தைக்குக் கொல்லும் ஊசி போடும்போது கொஞ்சிக்கொண்டே போடுகிறார். உங்கள் வட்டத்தில் யாருக்கும் அந்தப் பக்கத்தை மறக்க முடிந்திருக்காது. அந்தக் காட்சி படத்திலும் உண்டு. ஆனால் பக்கத்திலேயே ஒரு வில்லியை நிறுத்திவிட்டதால், அப்பாவின் மேல் விழ வேண்டிய பயத்தில் பாதி அவள் மேல் போய்விடுகிறது.

*

கேள்வி: எழுதியவரே திரைக்கதையும் எழுதினால் இந்தப் பிரச்சினையெல்லாம் வராது அல்லவா?
– பொறியியல் மாணவர்

பதில்: வேறு பிரச்சினைகள் வரும். பெற்றவர் என்பதற்காகப் பிள்ளையைக் கண்டிக்கமாட்டார் என்று நினைக்காதீர்கள். மற்றவர்கள் தொடப் பயப்படுகிற இடத்தில் இவர்கள் தைரியமாகக் கத்தரியை வைக்கிறார்கள். 'தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃப்ளவர்' நாவலை 1999இல் எழுதிய ஸ்டீபன் ஷ்போஸ்கி, 2012இல் தானே திரைக்கதை எழுதி, தானே இயக்கினார். நாவலில் கதை சொல்லும் பையன் சார்லியின் அக்காவுக்கு ஒரு தனிக்கதை, கருக்கலைப்பு வரைக்கும் போகிற கனமான கதை. படத்தில் அது இல்லை. சுரங்கப் பாதையில் வண்டி போகும்போது கேட்கிற அந்தப் பாட்டுகூட வேறு. ஆனால் பெயர் தெரியாத நண்பனுக்கு எழுதுகிற கடிதத்தின் தொனி இருக்கிறதே, அது ஒரு இழைகூடப் பிசகவில்லை. எந்தக் குரலில் எழுதினோம் என்று அவருக்குத் தெரியும், அதைக் காப்பாற்றிவிட்டு மற்றதைக் கொடுத்துவிட்டார்.

'எ மான்ஸ்டர் கால்ஸ்' (நாவல் 2011, படம் 2016) இன்னும் சுவாரசியம். பேட்ரிக் நெஸ் தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதினார். அம்மா சாகக் கிடக்கும்போது ஒரு அரக்கனைச் சந்திக்கிற பையன் கானரின் கதை அது. கானரின் தோழி லில்லியை எடுத்துவிட்டார். முடிவில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: இறந்துபோன அம்மாவின் பழைய ஓவிய நோட்டு பையனுக்குக் கிடைக்கிறது, அதில் அவன் பார்த்த அதே அரக்கன். நாவல் அம்மாவை இறுகப் பிடித்துக்கொள்கிற இடத்திலேயே நின்றுவிடுகிறது. எனக்கு அங்கேயே நின்றது போதும். என் கூடப் பார்த்த தோழி, ஓவிய நோட்டு இல்லாவிட்டால் வீட்டுக்குப் போயிருக்க முடியாது என்றாள். நாங்கள் இன்னும் சமாதானமாகவில்லை.

'ஹோல்ஸ்' பற்றி ஒரு வரி. லூயிஸ் சாக்கர் தானே எழுதிய திரைக்கதை, 2003. ஏறக்குறைய அத்தியாயத்துக்கு அத்தியாயம் நாவல்தான். ஆனால் நாவலின் நாயகன் ஸ்டான்லி குண்டுப் பையன், தண்டனை முகாமில் குழி தோண்டித் தோண்டி இளைக்கிறான். ஒரு பையனைப் படப்பிடிப்புக்காகக் குண்டாக்கி இளைக்க வைப்பது நடக்கிற காரியமா? முதலிலிருந்தே ஒல்லிப் பையன்தான்.

*

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. நாவலைப் படிக்கச் சொன்னால் பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: டீச்சர், ரொம்ப எளிது. "மாக்கிங்ஜே ஊசியை கேட்னிஸுக்கு யார் கொடுத்தார்கள்?" என்று ஒரு மார்க் கேள்வி வையுங்கள். கிழவி, தங்கை என்று எழுதினால் படம். 'தி கிவர்' என்றால், "காலையில் என்ன கொடுப்பார்கள், மாத்திரையா, ஊசியா?" இந்த இதழ் வகுப்பில் யார் கையிலும் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பிடிபட்டவர்களை அடுத்த வாரம் புத்தகத்தையும் படிக்கச் சொல்லி, வித்தியாசங்களை எழுதி வரச் சொல்லுங்கள். என் நோட்டுப் பழக்கம் தொடங்கியதே அப்படி ஒரு தண்டனையில்தான்.

*

கேள்வி: நாவலைப் படித்துவிட்டுச் சப்டைட்டில் எழுதினால் உதவியா, தொந்தரவா?
– மொழிபெயர்ப்பு படிக்கும் மாணவி

பதில்: இரண்டும். ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன். படத்தின் பெயர் வேண்டாம். ஒரு பெண்ணும் அவளைவிட மூத்த ஒருவனும் பேசுகிற காட்சி. ஆங்கிலத்தில் ஒரே 'யூ'தான், தமிழில் நீயா, நீங்களா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நாவலில் அவர்கள் முதல் அத்தியாயத்திலிருந்தே பழக்கம், அதனால் யோசிக்காமல் 'நீ' போட்டு முக்கால் படத்தை முடித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: படத்தில் அவர்களை அந்தக் காட்சியில்தான் முதல் முறையாகச் சந்திக்க வைத்திருக்கிறார்கள்! முன்பின் தெரியாத ஆளை அந்தப் பெண் 'நீ, வா, போ' என்கிறாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து 'நீங்கள்' ஆக்கினேன். எந்தக் காட்சியில் 'நீ'க்கு மாறுவது என்று தேடினேன் பாருங்கள், அப்போதுதான் இயக்குநர் அந்த நட்பை எவ்வளவு பொறுமையாக வளர்த்திருக்கிறார் என்பதே தெரிந்தது. இப்போதெல்லாம் முதலில் படத்தைப் பார்த்து 'நீ', 'நீங்கள்' பட்டியலை எழுதிவிட்டுத்தான் நாவலைத் திறக்கிறேன்.

*

கேள்வி: வாசகர்கள் இப்படிக் கத்துவதால் எந்தப் படமாவது திருந்தியிருக்கிறதா?
– சலித்துப்போன வாசகர்

பதில்: திருந்தியிருக்கிறது. 'தி அவுட்சைடர்ஸ்'. எஸ்.இ. ஹிண்டன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எழுதிய நாவல், 1967இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி நூலகரும் மாணவர்களும் சேர்ந்து இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்கு, இதைப் படமாக எடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள். மனிதர் எடுத்தேவிட்டார். 1983இல் வந்தது.

ஆனால் வந்தது 91 நிமிடப் படம். நாவல் எப்படித் தொடங்குகிறது? கதாநாயகன் போனிபாய் தியேட்டரிலிருந்து வெளியே வந்து தனியாக நடக்கிறான், பணக்காரப் பையன்கள் காரில் வந்து மடக்குகிறார்கள். படத்தில் அது இல்லை. அண்ணன் தம்பி மூன்று பேரும் வீட்டில் இருக்கிற காட்சிகளும் பெரும்பாலும் போய்விட்டன. நாவலைப் பாடமாகப் படித்த பிள்ளைகள் வருஷக்கணக்காக இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2005இல் கொப்போலா 22 நிமிடத்தைத் திரும்பச் சேர்த்து, 'முழு நாவல்' என்று பெயர் போட்டே வெளியிட்டார். இப்போது அந்தப் பையன் தியேட்டரிலிருந்து வெளியே வருகிறான்.

22 வருஷத்துக்கு 22 நிமிடம். வருஷத்துக்கு ஒரு நிமிடம் வீதம் கத்தினால் போதும் போலிருக்கிறது.

*

கேள்வி: கேட்னிஸ் வரும் நான்கு 'ஹங்கர் கேம்ஸ்' படங்களையும் பார்த்துவிட்டேன். கதை தெரியும். இனி நாவலைப் படிக்க ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள், படிக்கிறேன்.
– இருபது வயது வாசகர்

பதில்: தண்ணீர்.

அரங்கத்துக்குள் போன கேட்னிஸுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. நாள் முழுக்க நடக்கிறாள். நாக்கு வறண்டு, தலை சுற்றுகிறது. வெளியே இருக்கிற அவளுடைய வழிகாட்டி ஹேமிட்ச் நினைத்தால் பாராசூட்டில் ஒரு குடுவை அனுப்பலாம். கேமரா எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து, 'தண்ணீர்' என்று வாய்விட்டுக் கேட்கிறாள். ஒன்றும் வரவில்லை. குடிகாரன் மறந்துவிட்டானா, அவனுக்கு என்னைப் பிடிக்காதா, பீட்டாவுக்காகப் பணத்தைப் பதுக்குகிறானா என்று ஆத்திரப்படுகிறாள். அப்புறம் மெல்ல யோசிக்கிறாள். அவன் அனுப்பாமல் இருக்க ஒரே ஒரு நல்ல காரணம்தான் இருக்க முடியும். தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிகிறது.

படத்தில் ஹேமிட்ச், இதுக்குப் பேர் முத்தமா என்று சூப்போடு ஒரு சீட்டு எழுதி அனுப்புகிறார், பார்த்திருப்பீர்கள். நாவலில் சீட்டே கிடையாது. வராத குடுவையைத்தான் அவள் படிக்கிறாள். தடுமாறி நடந்து விழுகிறாள். எழ முடியவில்லை. மண்ணில் விரலால் சும்மா கோடு கிழிக்கிறாள், விரல் வழுக்குகிறது. சேறு.

குளத்தைக் கண்டதும் குடித்துவிடவும் முடியாது. குடுவையை நிரப்பி, அயோடின் சொட்டுகளை விட்டு, அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாள்.